அப்பாவுக்காக ஒரு ஆட்டம்

நான்கு பேர் இருந்தால்தான் இந்த ஆட்டம் ருசிக்கும். மூன்று பேரும் ஆடலாம், ஐந்து பேரும் ஆடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நான்கு பேர் என்றால் சீட்டு சரிசமமாகப் பங்காகிவிடும்; எனக்கு ஒன்று குறைச்சல், உனக்கு ஒன்று கூடுதல் என்ற முணுமுணுப்பு கிடையாது. நாங்கள் உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். எங்கள் அம்மா இந்த ஆட்டத்தை மனதில் வைத்துத்தான் பெற்றாளோ என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

நீங்கள் பேருந்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். அதற்கும் வருகிறேன். ஆட்டத்தின் விதி தெரியாமல் பேருந்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆட்டத்தின் பெயர் கழுதை. முழுச் சீட்டுக்கட்டையும் பங்கிட்டுவிட வேண்டும். இஸ்பேட் ஏஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் அதைப் போட்டு ஆரம்பிப்பார். மற்றவர்களும் இஸ்பேட்தான் போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் செத்த சீட்டுகள். எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றை ஆரம்பிப்பார். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒருவர் கிளாவர் போடுகிறார், அடுத்தவர் கையில் கிளாவரே இல்லை. அவர் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும் சுற்று அங்கேயே நிற்கும். அதுவரை யார் பெரிய கிளாவர் போட்டிருந்தாரோ, அவர் கீழே கிடக்கும் அத்தனையையும் வாரிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றையும் ஆரம்பிக்க வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். ஒவ்வொருவராகத் தப்பித்து, கடைசியில் கை நிறையச் சீட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பவர் கழுதை.

கவனித்தீர்களா, இதில் ஜெயிப்பவர் என்று யாரும் கிடையாது. தோற்பவர் ஒருவர் மட்டும்தான். நியாயமான ஆட்டம்.

எங்கள் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா தையல்காரி, பள்ளிச் சீருடை, மருத்துவமனை அங்கி எல்லாம் மொத்தமாகத் தைத்துக் கொடுப்பவள். அடுத்தவன் நான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், மூக்குக் கண்ணாடி. எனக்குப் பின்னால் தம்பி, நகரப் பேருந்து ஓட்டுகிறான். கடைக்குட்டி தங்கை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். என் கடைக்கு நேர் மேலே இருக்கும் மாடியில் குடியிருந்தார். அம்மா போன பிறகும் தனியாகத்தான் இருந்தார், தனியாகத்தான் சமைத்தார். பால்கனியில் நின்றுகொண்டு, தெருமுனையில் பேருந்து திரும்பும்போதே அதன் எண்ணைச் சொல்லிவிடுவார். எங்களால் பேருந்தையே பார்க்க முடியாது, அவர் எண்ணைச் சொல்வார். அப்படி ஒரு கண்.

பிறகு அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. ஒருநாள் அடுப்பில் பாத்திரத்தை வைக்கிறேன் என்று பக்கத்தில் இருந்த ரேடியோவின் மேல் வைத்தார். இனி அவரைத் தனியாக விட முடியாது என்று நான்தான் எல்லோரையும் கூப்பிட்டேன். நால்வரும் அப்பாவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா வீட்டில் துணி மூட்டைக்கே இடமில்லை. தம்பிக்கு விடியலில் ஒரு வாரம், சாயங்காலத்தில் ஒரு வாரம் வேலை. தங்கையின் மாமியார் ஏற்கெனவே அவள் வீட்டில் படுக்கையில் இருந்தார். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். உண்மைகள் எல்லாம் சேர்ந்தபோது அப்பாவுக்குத்தான் இடம் இல்லாமல் போயிற்று.

அப்போது நான் சீட்டுக்கட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடுவோம், ஒரே ஒரு ஆட்டம், கழுதை ஆகிறவர் அடுத்த ஆட்டம் வரைக்கும் அப்பாவை வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"அப்பாவ வெச்சு சூதாடச் சொல்றியாடா?" என்றாள் அக்கா.

"சூதுன்னா யாராவது எதையாவது ஜெயிக்கணும்க்கா. இதுல யாரும் எதையும் ஜெயிக்கப் போறதில்ல."

அப்பாதான் முதலில் சிரித்தார்.

"தோக்கறவன் கழுதன்னா, அப்ப நான் மூட்டையா?" என்றார். "சரி, ஆடுங்க. நாலு பேரும் ஒண்ணா உக்காந்து எத்தன வருஷமாச்சு. எனக்கும் பொழுது போகும்."

சீட்டுப் போடும் வேலையை அப்பாவிடமே கொடுத்தோம். அது என் யோசனைதான், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். பார்வை இல்லாதவர் கலைத்துப் போடும் சீட்டில் கள்ளத்தனம் இருக்க முடியாது. அவரும் ஆசையாகக் கலைப்பார். ஒவ்வொரு சீட்டையும் விரலால் தடவி, இது எந்தக் கழுதைக்கு, இது எந்தக் கழுதைக்கு என்று சொல்லிக்கொண்டே போடுவார்.

நான் ஒருமுறைகூடக் கழுதை ஆனதில்லை.

அதை இப்போது குற்றம் என்கிறார்கள். நான் திறமை என்று நினைத்திருந்தேன். போன சீட்டுகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நினைவாற்றல் வாய்க்கவில்லை. இல்லாதவன் தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தானே சமாளிக்க வேண்டும்.

அவர்கள் மூவருக்கும் நான் இலவசமாகக் கண்ணாடி செய்து கொடுத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம், பெரிய வட்டமான கண்ணாடி. இப்போதெல்லாம் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் திரும்பாமல் இருக்க ஒரு பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சை மட்டும் நான் விட்டுவிட்டேன். அப்பாவின் மேசைக்கு மேலே ஒரு நல்ல விளக்கையும் தொங்கவிட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் சீட்டை விரித்தால் அவர் மூக்கின் மேலேயே அது தெரியும். ஒரு வட்டத்தில் சிவப்பு, ஒரு வட்டத்தில் கறுப்பு. சின்னதாக, தலைகீழாக இல்லாமல், அழகாக.

ஒரு சின்னக் குறை இருந்தது. சீட்டை மடியருகே தாழ்த்தி வைத்துக்கொண்டால் தெரியாது. முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். அதற்காகப் பவரைக் கொஞ்சம் கூட்டினேன். கிட்டப் பார்ப்பதற்கான பவரைக் கூட்டிவிட்டால், எதையும் முகத்தருகே கொண்டுபோனால்தான் தெளிவாக இருக்கும். தூரத்தில் இருப்பவை சற்று மங்கும். தலை வலிக்கிறது என்று மூவருமே சொன்னார்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். எங்கள் தொழிலில் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம், பெரும்பாலும் சரியாகியும்விடும்.

அக்காவிடம் கிளாவர் ராணி மட்டும் இருக்கிறது, தங்கையிடம் கிளாவரே இல்லை என்று தெரிந்தால் வேறு என்ன வேண்டும். நான் கிளாவர் மூன்றைப் போடுவேன். அக்கா வேறு வழியில்லாமல் ராணியைப் போடுவாள். தங்கை வெட்டுவாள். அக்கா எல்லாவற்றையும் வாருவாள். தங்கைக்குத்தான் திட்டு விழும், எனக்கு விழாது.

அக்காவின் தையலில் கொஞ்சம் குழப்பம் வந்தது உண்மைதான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய கால்சட்டைகளில் கால் நுழையும் வழியையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். மருத்துவமனை அங்கி ஒன்றில் மூன்று கை இருந்தது. மருத்துவமனையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, யாருக்காவது உதவும் என்று வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. தங்கையின் கடையில், பேதி நிற்க மாத்திரை கேட்டு வந்தவருக்கு அவள் பேதி ஆவதற்கான மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள். அவர் திரும்பி வந்து அதே மாத்திரையை இன்னும் கொஞ்சம் வாங்கிப் போயிருக்கிறார், முதலில் கொடுத்தது போதவில்லை போலிருக்கிறது என்று. இன்னொரு அம்மா இருமலுக்கு மருந்து வாங்கிப் போய், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் படுத்தவர் செவ்வாய்க்கிழமை எழுந்தார். இருமல் நின்றுவிட்டது என்றுதான் அவர் சொன்னார். ஆனாலும் கடை முதலாளி தங்கையை மருந்துப் பக்கத்திலிருந்து எடுத்து, சோப்பு, சீப்பு விற்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவள் என் கடைக்கு வந்து ரொம்ப நேரம் அழுதாள். வயசாகுதுண்ணா, எனக்கு எதுவுமே ஒழுங்கா வரமாட்டேங்குது என்றாள். நான் அவள் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவளை விசாரித்தபோது அவள் இதைச் சொல்லியிருப்பாள். அவளுக்கு அப்பா என்றால் பிரியம்.

"எதுக்குங்க மாசா மாசம் இந்தக் கூத்து?" என்று ஒருநாள் கேட்டாள். "மாமா நம்ம வீட்லயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். சும்மாவே கூட்டிட்டு வாங்களேன்."

அவள் மனசு நல்ல மனசு. ஆனால் ஆடாமல் கூட்டிவந்தால் ஆட்டத்துக்கு என்ன மரியாதை? சரி, ஆடித் தோற்றுக் கூட்டிவரலாமே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே தோற்பது ஏமாற்று வேலை. என் உடன்பிறந்தவர்களை என்னால் அப்படி ஏமாற்ற முடியாது.

இப்போது பேருந்துக்கு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு பழைய கண்ணாடியோடு வந்தான். என் கண்ணாடியைப் பேருந்து நிலையத்தின் ஓய்வறையில் மறந்து வைத்துவிட்டானாம். பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஏதோ கடையில் வாங்கிய சின்ன சதுரக் கண்ணாடி. அதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவனுக்கு எல்லாமே தெரிந்தது. வந்ததுமே, அண்ணா உன் கடைச் சுவரில் விரிசல் விட்டிருக்கே, இத்தனை நாளாகப் பார்க்கலையே என்றான்.

ஆட்டம் ஒரே பக்கமாகப் போயிற்று. தம்பி சீட்டை மடியில் தாழ்த்தி வைத்துக்கொண்டு, எங்கள் முகத்தையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடினான். தங்கை தப்பித்தாள். அக்கா தப்பித்தாள். பல மாதத்துக்குப் பிறகு தப்பித்த சந்தோஷத்தில் அவள் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். நானும் தம்பியும் மட்டும் மிச்சம். அவன் கையில் இரண்டே இரண்டு சீட்டு. என் கையில் விசிறி மாதிரி.

அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாருடா இந்த வாட்டி?" என்றார்.

"பெரியவன் மாட்டிக்கிட்டான்பா," என்றாள் அக்கா.

அப்பா பக்கத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் இரண்டு சட்டை, ரேடியோ, பல் செட்டு வைக்கும் டப்பா. என் வீட்டுக்கு வருவதற்குத்தான் அவர் அவ்வளவு சீக்கிரம் தயாரானார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்குத் தம்பியின் பிறந்தநாள் நினைவுக்கு வந்தது. அடுத்த மாதம்தான், இருந்தாலும். என் பையில் எப்போதும் ஒன்றிரண்டு கண்ணாடி வைத்திருப்பேன். இருப்பதிலேயே பெரிய சட்டம், அவனுக்கு வழக்கமாகக் கொடுப்பதைவிட இன்னும் கொஞ்சம் கூடுதல் பவர். அவன் மூக்கிலிருந்த பழசைக் கழற்றிவிட்டு, நானே என் கையால் இதை மாட்டிவிட்டேன். பழசு கீழே விழுந்தது. என் கால் அதன் மேல் பட்டுவிட்டது.

"என்னண்ணா இது, எல்லாம் கடல் மாதிரி அலையுது," என்றான் தம்பி.

"பழகிடும்டா," என்றேன்.

அவன் சீட்டுகளை முகத்துக்கு நேரே தூக்கினான். இடது கண்ணில் சிவப்பாக ஆட்டின் ஒன்பது. வலது கண்ணில் கிளாவர் ராஜா. என்னிடம் கிளாவர் கிடையாது. நான் ஆட்டின் இரண்டைப் போட்டேன். அவன் ஒன்பதைப் போட்டான், இரண்டும் செத்தன. பெரிய சீட்டு அவனுடையது, அதனால் அவன்தான் அடுத்து ஆரம்பிக்க வேண்டும். மிச்சமிருந்த ராஜாவைப் போட்டான். நான் வெட்டினேன். இரண்டையும் அவன் வாரினான். அதற்குப் பிறகு அவன் எதைப் போட்டாலும் அவன் தலையிலேயே வந்து விழுந்தது. என் விசிறி மடங்கிக்கொண்டே வந்தது. கடைசிச் சீட்டை நான் கீழே வைத்தபோது அப்பா தன் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் தம்பி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பேருந்தை எடுத்தான். வேறு கண்ணாடி அவனிடம் இல்லை, ஓய்வறையில் விட்டதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். கட்டில் விற்கும் கடை ஒன்றின் வெளிச்சத்தை நிறுத்தத்தின் வெளிச்சம் என்று நினைத்து, ஒழுங்காக வேகத்தைக் குறைத்து, விளக்குப் போட்டுக் காட்டி, உள்ளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறான். முன் சக்கரம் இரண்டும் ஒரு பெரிய இரட்டைக் கட்டிலின் மேல் ஏறி நின்றன. கதவைத் திறந்துவிட்டான். வழக்கமாக அந்த நிறுத்தத்தில் இறங்கும் இரண்டு பேர் இறங்கி, மெத்தைகளுக்கு நடுவே நடந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் மட்டும் தோள்பட்டை முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். அவர் படுத்துக் காட்டிக்கொண்டிருந்த கட்டில் அது இல்லை, பக்கத்துக் கட்டில். அதைத் தெய்வச்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேருந்துக் கழகத்தில் தம்பியின் கண்ணைச் சோதித்தார்கள். கண்ணில் புதிதாகக் கோளாறு எதுவும் இல்லை, பழைய பவரே போதும் என்றார்கள். கண்ணாடியைச் சோதித்தார்கள். பிறகு அக்கா தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள், தங்கை தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த கண் டாக்டர், இதையெல்லாம் போட்டுக்கொண்டு இவ்வளவு நாள் எப்படிச் சாலையைக் கடந்தீர்கள் என்று கேட்டாராம். தங்கைதான் அப்பாவையும் கூட்டிப்போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

அப்பாவின் விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் தப்பாகத் தெரியும்.

அம்மாவின் காரியம் முடிந்த அன்றைக்கு வெளியே நல்ல மழை. யாராலும் கிளம்ப முடியவில்லை. பொழுது போகாமல் நாங்கள் நால்வரும் கழுதை ஆடினோம். அக்கா தோற்றாள். தம்பி அவள் முதுகில் தலையணையைக் கட்டினான். அப்பா சிரித்தார், எல்லோரும் சிரித்தோம், அம்மா படத்துக்கு முன்னால் அவ்வளவு சிரித்தோம். மழை விட்டது, போனார்கள். அதற்குப் பிறகு நான் கூப்பிடாத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்களேன், ஒரு ஆட்டம் போடுவோம் என்பேன். அக்காவுக்குத் துணி வெட்ட வேண்டும், தம்பிக்குத் தூக்கம், தங்கைக்கு மாமியார். சும்மா சீட்டாட யார் வருவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து, கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது, பாரேன் என்றார். விளக்கடித்துப் பார்த்தேன். கண்புரை. வயதானால் எல்லோருக்கும் வருவதுதான். காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடக்கூடிய சின்ன அறுவை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நரம்பு வாடிப்போச்சுப்பா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது என்றேன். அவர் நம்பிக்கைக்காகப் பெரிய மருத்துவமனைக்கும் கூட்டிப்போய் நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்து, டாக்டரும் அதையேதான் சொல்கிறார், உங்களை நேரில் பார்க்கக்கூடத் தேவையில்லையாம் என்றேன். நரம்புக்கு ஓய்வு வேண்டும் என்று நிறக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அவ்வப்போது அதை ஒரு சாயல் கறுப்பாக்கினேன். ஒரேயடியாகச் செய்யவில்லை. அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்பாவுக்கு ஆள் வேண்டும் என்ற பிறகுதான் எல்லோரும் வந்தார்கள். மாதம் தவறாமல் வந்தார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எத்தனை குடும்பத்தில் இது நடக்கிறது, சொல்லுங்கள்.

நேற்று முன்தினம், நீங்கள் என்னை இங்கே கூட்டிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், அப்பா கடைக்கு வந்தார். கண்புரை அறுவை முடிந்து, கட்டும் எடுத்து, தன் மாடிக்கே திரும்பியிருந்தார். கைத்தடி இல்லாமல் தனியாகப் படியிறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார், அலமாரிகளைப் பார்த்தார், என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்த நிறக் கண்ணாடியை மேசையின் மேல் வைத்தார்.

"நான்தான் செத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன்டா," என்றார். "வெளிச்சம் கொஞ்சங் கொஞ்சமா கொறஞ்சுக்கிட்டே வந்துச்சா, சரி, இப்படித்தான் போல போறதுன்னு நெனச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"எல்லாரும் வந்தாங்கல்லப்பா," என்றேன்.

"கூப்பிட்டா வந்திருப்பாங்க."

"கூப்பிட்டேன். வரல."

"நீ சீட்டாடக் கூப்பிட்ட," என்றார் அப்பா. படியேறி மேலே போய்விட்டார். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

ஆகவே, நான் எதையும் மறுக்கவில்லை. மூவரின் கண்ணாடியையும் நான்தான் கெடுத்தேன். அப்பாவுக்குப் பார்வை போகும் என்று தெரிந்தே போகவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

என் மனைவி இன்று காலையில் சாப்பாடு கொண்டுவந்தபோது ஒன்று சொன்னாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அக்கா, தம்பி, தங்கை மூன்று பேருமே அப்பா வீட்டுக்கு வந்திருந்தார்களாம். யாரும் கூப்பிடவில்லையாம். அடுத்த ஞாயிறும் வருகிறார்களாம். சாயங்காலம் வரை மேலே ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்ததாம். சீட்டுக்கட்டை வெளியிலேயே எடுக்கவில்லையாம். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், மேடம். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து போகும்போது யார் தோற்றது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?